ஏழு கீரைகளும் ஒரு மாதப் பிழையும்

ஜப்பானில் ஜனவரி 5ஆம் தேதி வாக்கில் எங்கள் தெருமுனை சூப்பர் மார்க்கெட்டில் ஒரு சிறிய பிளாஸ்டிக் பெட்டி வந்து அமரும். உள்ளே ஏழு வகைப் பச்சைகள், ஒவ்வொன்றும் ஒரு பிடிக்கும் குறைவாக: செரி, நசுனா, கோக்யோ, ஹகோபெரா, ஹொதோகெனோசா, சுசுனா, சுசுஷிரோ. கடைசி இரண்டும் நமக்குத் தெரிந்தவைதான். டர்னிப்பும் முள்ளங்கியும், இலையோடு, விரல் நீளக் கிழங்கோடு. மற்ற ஐந்தும் வயல் வரப்பிலும் ஓடையோரத்திலும் தானாக முளைப்பவை. ஏழாம் தேதி காலை இவற்றைப் பொடியாக நறுக்கி, உப்பு மட்டும் போட்ட அரிசிக் கஞ்சியில் கடைசியாகச் சேர்த்து இறக்குவார்கள். நனகுசா-கயு, ஏழு கீரைக் கஞ்சி. புத்தாண்டு விருந்தில் களைத்த வயிற்றுக்கு இது ஓய்வு. இதை உண்டால் அந்த ஆண்டு நோய் அண்டாது என்பது நம்பிக்கை.

நான் கியோட்டோவுக்கு மாணவனாக வந்த முதல் குளிர்காலத்தில், கீழ்த்தளத்தில் குடியிருந்த வீட்டுக்கார அம்மா இந்தக் கஞ்சியை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்தார். வெளியே பனித்தூறல். கிண்ணத்திலிருந்து புல்லை நசுக்கினாற்போல் ஒரு வாசம் எழுந்தது. "இந்தக் குளிரில் இவ்வளவு கீரை எங்கே கிடைத்தது?" என்று கேட்டேன். "கடையில்தான். எல்லாம் பசுமைக்குடிலில் வளர்த்தது. இன்றைக்கு வயலில் போய்ப் பாருங்கள், பாதிகூடக் கிடைக்காது. தேதிதான் தவறு, கீரையின் மேல் ஒரு குற்றமும் இல்லை" என்றார்.

அந்த ஒரு வாக்கியம்தான் ஜப்பானின் ஆண்டை எனக்குத் திறந்துவிட்டது. பதினான்கு ஆண்டுகளாக இந்த நாட்டின் பண்டிகைகளை நான் அவர் சொன்னதை வைத்தே படித்துவருகிறேன்.

நடந்தது இதுதான். 1872 வரை ஜப்பானில் சந்திரனை அடியொற்றிய பழைய நாட்காட்டி இருந்தது. புத்தாண்டு, நம் கணக்கில் ஜனவரி பிற்பகுதிக்கும் பிப்ரவரி பிற்பகுதிக்கும் இடையே எங்கேனும் வரும். மெய்ஜி அரசு மேற்கத்திய நாட்காட்டிக்கு மாறுவதாக அந்த ஆண்டின் பதினோராம் மாதம் ஒன்பதாம் நாள் அறிவித்தது. ஒரு மாத அவகாசம்கூடத் தரவில்லை. பன்னிரண்டாம் மாதத்தின் மூன்றாம் நாள், 1873 ஜனவரி 1 ஆகிவிட்டது. அந்த மாதத்துக்கு இரண்டே நாட்கள்! அடுத்த ஆண்டு பழைய கணக்கில் பதின்மூன்று மாதங்கள் கொண்ட ஆண்டாக இருந்திருக்கும்; பதின்மூன்று மாதச் சம்பளம் கொடுக்க வேண்டியிருக்கும். இரண்டு நாள் மாதத்துக்கும் சம்பளம் இல்லை, கூடுதல் மாதத்துக்கும் சம்பளம் இல்லை என்று ஆனதில் அரசுக்கு மிச்சம்.

அரசு பணத்தை மிச்சம் பிடித்தது. ஆனால் பண்டிகைகள் எண்ணில் கட்டப்பட்டவை. ஒன்றாம் மாதம் ஏழு, மூன்றாம் மாதம் மூன்று, ஐந்தாம் மாதம் ஐந்து, ஏழாம் மாதம் ஏழு, ஒன்பதாம் மாதம் ஒன்பது: இவை ஐந்தும் 'செக்கு' என்னும் பருவ நாட்கள். எண்களை அப்படியே வைத்துக்கொண்டு அடியிலிருந்த நிலத்தை மட்டும் சுமார் ஒரு மாதம் இழுத்துவிட்டார்கள். கீரை முளைக்காத நாளில் கீரைக் கஞ்சி. பீச் மலராத நாளில் பீச் மலர் விழா.

அதிலிருந்து ஒவ்வொரு விழாவிலும் நான் தேடுவது ஒன்றுதான். தேதி ஒரு பக்கம், மண் ஒரு பக்கம் என்று பிரிந்தபோது, அந்த உணவு யார் பக்கம் நின்றது?

சூரியனைப் பிடித்துக்கொண்டிருந்த நாட்களுக்கு ஒரு சேதமும் இல்லை. பிப்ரவரி தொடக்கத்தில் வரும் செட்சுபுன் அப்படிப்பட்டது. வசந்தத்தின் முதல் நாளுக்கு முந்தைய இரவு. பெரும்பாலும் பிப்ரவரி 3. சூரியனின் கணக்கு நகர்வதால் 2021இல் 124 ஆண்டுகளுக்குப் பிறகு 2ஆம் தேதி வந்தது. வறுத்த சோயா மொச்சையை வாசலில் வீசி, "ஓனி வா சோத்தோ, ஃபுகு வா உச்சி" என்று கூவுகிறார்கள். பேயே வெளியே போ, நன்மையே உள்ளே வா. பிறகு வயதுக்கேற்ற எண்ணிக்கையில் மொச்சையை எண்ணி உண்ண வேண்டும். ஹொக்கைடோவிலும் வடகிழக்கிலும் மொச்சைக்குப் பதில் தோலோடு வேர்க்கடலையை எறிகிறார்கள். பனியில் விழுந்தாலும் பொறுக்கி எடுத்து உடைத்துத் தின்னலாம். இப்படி நிலத்துக்கேற்ப மாறும் வழக்கத்தில் எனக்கு மதிப்பு உண்டு.

அதே இரவின் மற்றொரு உணவான எஹோமாகி மேல் அந்த மதிப்பு எனக்கு வரவில்லை. தடித்த சுஷி உருளையை வெட்டாமல், அந்த ஆண்டின் நல்ல திசையை நோக்கி நின்று, பேசாமல் முழுவதும் உண்ண வேண்டும். ஒசாகா பக்கத்து வழக்கமான இதை 1990களில் நாடெங்கும் பரப்பியவை கன்வீனியன்ஸ் ஸ்டோர்கள். ஒரே இரவுக்காகச் செய்து குவித்ததில் மிஞ்சியவை மலையாகக் குப்பைக்குப் போயின. தேவைக்கு ஏற்பச் செய்யுங்கள் என்று 2019இல் வேளாண் அமைச்சகமே வணிகர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டி வந்தது. கெடுதியை விரட்டும் இரவில் சோற்றைக் குப்பையில் கொட்டுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

மார்ச் 3, பெண் குழந்தைகளின் ஹினா விழா. இதன் மற்றொரு பெயர் 'பீச் மலரின் செக்கு'. டோக்கியோவில் பீச் மலர மார்ச் கடைசியாகும். பூக்கடைகளில் மார்ச் 3க்குக் கிடைப்பது வெப்ப அறையில் வலிந்து மலரவைத்த கிளை. ஆனால் மேசையில் ஹமகுரி மட்டி சூப் இருக்கும். மட்டிக்கு அதுதான் நல்ல பருவம். ஒரு மட்டியின் ஓடு வேறெந்த மட்டியின் ஓட்டோடும் பொருந்தாது, தன் இணையோடு மட்டுமே பொருந்தும். பெண்ணுக்கு நல்ல துணை அமையட்டும் என்று அதை வைக்கிறார்கள். என் மகள் ஒவ்வோர் ஆண்டும் ஓடுகளைக் கலைத்துப் போட்டு இணை தேடுவாள்.

செர்ரி மலர்களைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் இலையைப் பற்றிச் சொல்கிறேன். சகுரா-மோச்சி என்ற இனிப்பை உப்பில் ஊறிய செர்ரி இலையால் சுற்றித் தருவார்கள். பச்சை இலையைக் கிள்ளி முகர்ந்தால் அந்த வாசம் இருக்காது. உப்பில் பல மாதங்கள் கிடந்த பிறகுதான் கூமரின் என்னும் பொருள் வெளிப்பட்டு மணக்கும். ஆக, ஏப்ரலில் நாம் வசந்தத்தின் வாசம் என்று முகர்வது போன ஆண்டின் இலையை. டோக்கியோவில் சுமிதா ஆற்றங்கரையில், சோமெய்ஜி கோயில் வாசலில் 1717இல் தொடங்கிய கடை இன்றும் இதை விற்கிறது. அங்கே மெல்லிய தோசை போன்ற மாவுறைக்குள் பயறு விழுது. கியோட்டோவிலோ புழுக்கி உலர்த்தி உடைத்த ஒட்டரிசியில் பிடித்த உருண்டை. இரண்டு ஊர்க்காரர்களும் தங்களுடையதுதான் சகுரா-மோச்சி என்பார்கள். வாய்விட்டுச் சொன்னால் வம்பு. எனக்குக் கியோட்டோ உருண்டைதான் பிடிக்கும்.

அதே வாரங்களில் கசப்பு வரும். பனி உருகும் இடத்தில் முதலில் தலைநீட்டும் ஃபுகி மொட்டு, தாராமரத்தின் முளை, பிறகு மூங்கில் குருத்து. வசந்தத்தின் தட்டில் கசப்பை வை என்று ஒரு சொலவடை உண்டு. குளிர்காலத்தின் தேக்கத்தை உடம்பிலிருந்து கசப்பு விரட்டும் என்பது அதன் பொருள். மூங்கில் குருத்தைத் தோண்டிய அன்றே அரிசித் தவிட்டோடு வேகவைக்க வேண்டும், நேரம் போகப் போகக் காறல் ஏறும். இவற்றுக்கு நாட்காட்டியில் தேதியே இல்லை. அதனால் 1873இன் ஆணை இவற்றைத் தொடவும் இல்லை.

உணவின் பருவத்தைச் சொல்ல ஜப்பானியர் மூன்று சொற்கள் வைத்திருக்கிறார்கள். ஹஷிரி என்றால் முந்தி வந்தது. ஷுன் என்றால் சரியான பதம். நகோரி என்றால் விடைபெறும் சுவை. நம் ஊரிலும் முதல் மாம்பழத்துக்கு ஆசைப்படுகிறோம்; கடைசி மாம்பழத்துக்குத் தனியாக ஒரு பெயரிட்டு மரியாதை செய்ததாக எனக்கு நினைவில்லை. கட்சுவோ என்னும் சூரைமீன் மே மாதம் வடக்கே போகும்போது ஒரு சுவை, இலையுதிர்காலத்தில் கொழுத்துத் திரும்பும்போது வேறு சுவை. 'எதோ' என்று பெயர் கொண்டிருந்த பழைய டோக்கியோவில் முதல் கட்சுவோவுக்காகப் பணத்தை அள்ளி இறைத்தார்கள்.

மே 5க்குக் காஷிவா-மோச்சி. அதைச் சுற்றும் ஓக் இலை, புதுத் தளிர் வரும்வரை கிளையை விட்டு உதிராது. வம்சம் அறுபடாதிருக்க அந்த இலை.

ஜூன் மாதத்துக்கு நான் சற்று நின்று பேச வேண்டும். ஜூன் 30 அன்று கியோட்டோவின் கோயில்களில் புல்லால் திரித்த பெரிய வளையம் நிற்கும். இடம், வலம், இடம் என்று அதற்குள் மூன்று முறை நுழைந்து வந்தால் அரையாண்டுப் பாவம் கழியும். அன்று எல்லா இனிப்புக் கடைகளிலும் மினசுகி. வெள்ளையான, குழைவான அரிசிமாவுப் பலகாரம், மேலே சிவப்புப் பயறு, முக்கோண வெட்டு. அந்த முக்கோணம் ஒரு துண்டுப் பனிக்கட்டி. பழைய காலத்தில் குளிர்காலப் பனிக்கட்டியை மலைக் குடிலில் புதைத்து வைத்து, ஆறாம் மாதம் அரண்மனைக்குக் கொண்டுவருவார்கள். அரசவையினர் அதைத் தொட்டுக் குளிர்ந்தார்கள். பனிக்கட்டியைக் கண்ணாலும் காண வழியில்லாத மக்கள், அரிசிமாவில் அதன் உருவத்தைச் செய்து உண்டார்கள் என்று வீட்டுக்கார அம்மா எனக்குச் சொன்னார்.

கிடைக்காததை உருவம் செய்து உண்பது! என்னை உலுக்கிய செய்தி அது. பழைய ஆறாம் மாதத்தின் முடிவு என்பது ஜூலை கடைசி, ஆகஸ்டு தொடக்கம். மூன்று பக்கமும் மலை சூழ்ந்த கியோட்டோ கொதிக்கும் வேளை. அப்போதுதான் பனிக்கட்டியின் நினைப்பே ஒரு மருந்தாக இருந்திருக்கும். ஜூன் 30 அன்று மழை பெய்துகொண்டிருக்கிறது. குடையை மடக்கிவிட்டு மினசுகியை உண்கிறோம். அதனால் நான் ஒரு துண்டை அன்று வாங்கியும், பிறகு ஜூலை இறுதியில் வீட்டிலேயே செய்து ஒன்றை வெயிலிலும் உண்பது வழக்கமாகிவிட்டது. வெயிலில் உண்டதுதான் மினசுகி.

அந்த மழைக்கே 'உமே மழை' என்று பெயர் எழுதுகிறார்கள். உமே காய் பழுக்கும் மழை. ஜூனில் மஞ்சளாகப் பழுத்த உமேயைப் பாயில் பரப்பினால் வீடு முழுவதும் ஆப்ரிகாட் வாசம். எடைக்கு 18 விழுக்காடு உப்புப் போட்டு ஊறவைத்து, சிவப்பு ஷிசோ இலை சேர்த்து, மழை ஓய்ந்த ஜூலை வெயிலில் மூன்று நாட்கள் காயவைத்தால் உமேபோஷி. நாட்பட்ட நார்த்தங்காய் ஊறுகாயை அறிந்த நாக்குக்கு இது அந்நியமே இல்லை. டோக்கியோவுக்குக் குடிபெயர்ந்த முதல் ஆண்டு, உடல்நலம் கருதி உப்பை 10 விழுக்காடாகக் குறைத்தேன். இரண்டாம் வாரம் பூஞ்சை பிடித்து, நான்கு கிலோவையும் கொட்ட வேண்டியதாயிற்று. அந்த 18 என்ற எண்ணைப் பல தலைமுறைப் பாட்டிகள் இழந்து கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பது அன்று எனக்குப் புரிந்தது.

ஜூலை இறுதியில் விலாங்கு நாள். கோடையில் விலாங்கு விற்காமல் தவித்த கடைக்காரருக்கு ஹிராகா கென்னாய் என்ற பதினெட்டாம் நூற்றாண்டு அறிஞர் 'இன்று எருது நாள்' என்று எழுதித் தொங்கவிடச் சொன்னாராம். கதை மெய்யோ பொய்யோ, இயற்கையில் விலாங்கு கொழுப்பது குளிர்காலத்தை ஒட்டித்தான். ஜப்பானிய விலாங்கை 2014இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அழியும் அபாயத்தில் உள்ள இனமாகப் பட்டியலிட்டது. எங்கள் வீட்டில் அன்று விலாங்கு வாங்குவதில்லை. எருதுக்கு ஜப்பானிய மொழியில் உஷி, விலாங்குக்கு உனகி; 'உ' என்று தொடங்கும் எதுவும் அந்நாளுக்கு நல்லது என்ற வழக்கமும் இருப்பதால் உதோன் என்னும் கோதுமை நூடுல்ஸும் உமேபோஷியும்.

ஜூலை 7, தனபதா. பால்வீதிக்கு இருபுறமும் பிரிந்திருக்கும் இரண்டு விண்மீன்கள் ஆண்டுக்கு ஒருமுறை சந்திக்கும் இரவு. புதிய தேதியில் அது மழைக்காலத்தின் நடுவே விழுந்துவிட்டது. வானத்தைப் பார்க்க வேண்டிய இரவில் மேகம். செந்தாய் நகரம் ஒரு மாதம் தள்ளி ஆகஸ்டு 6 முதல் 8 வரை கொண்டாடுகிறது. நல்ல முடிவு.

ஒபோன் விஷயத்தில் நாடே பிரிந்து நிற்கிறது. இறந்தவர்கள் வீடு திரும்பும் நாட்கள் டோக்கியோவில் ஜூலை நடுவில், பெரும்பாலான ஊர்களில் ஆகஸ்டு நடுவில், ஒகினாவாவில் இன்றும் பழைய சந்திரக் கணக்கில். ஒரே நாட்டில் மூன்று தேதிகள். தேதியை மாற்றலாம் என்ற ஆணைக்கு அலுவலகங்கள் பணிந்தன. உழுகிற வீடுகளில் ஜூலை நடுவில் வயல் வேலை முடிந்திருக்காது, அவர்களால் பணிய முடியவில்லை.

முதல் ஒபோனில் கண்டதை நான் மறக்கவே மாட்டேன். வீட்டுக்கார அம்மாவின் கணவர் அதற்கு முந்தைய குளிர்காலத்தில் இறந்திருந்தார். அந்த அம்மாவின் பிறந்த ஊர் கிழக்கே; அந்த ஊர் வழக்கப்படி அவர் ஒரு வெள்ளரிக்காயையும் ஒரு கத்தரிக்காயையும் எடுத்து, சணல் குச்சியால் நான்கு நான்கு கால்கள் செருகிப் பூசை மாடத்தின் முன் வைத்தார். வெள்ளரிக்காய் குதிரை, கத்தரிக்காய் பசு. "வரும்போது குதிரையில் விரைந்து வரட்டும். போகும்போது பசுவின் மேல் மெதுவாகப் போகட்டும்" என்றார். சற்றுப் பொறுத்து, "அவர் எப்போதுமே மெதுவாக நடப்பவர்" என்றார். அன்று அவர் செய்த சமையலில் மீனோ இறைச்சியோ இல்லை. கோம்பு கடற்பாசியும் உலர்ந்த ஷிதாகே காளானும் ஊறிய நீரில் வெந்த காய்கள். நான்கு நாட்களில் வெள்ளரிக்காய் வாடிச் சுருங்கியது. கத்தரிக்காய் அப்படியே நின்றது.

ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாளைச் சொன்னால் கதை முழுமையாகும். அது செவ்வந்தி மலரின் செக்கு. மலர் இதழை மதுவில் மிதக்கவிட்டுக் குடிப்பார்கள்; கொட்டைச் சோறு, அதாவது செஸ்ட்நட் சேர்த்த சோறு சமைப்பார்கள். புதிய செப்டம்பர் 9 அன்று வெயில் இன்னும் எரிக்கிறது; மலரும் இல்லை, கொட்டையும் முற்றவில்லை. ஐந்து செக்குகளில் மக்கள் வாழ்விலிருந்து ஏறக்குறைய மறைந்தது இது ஒன்றுதான். பசுமைக்குடில் கீரையைக் காப்பாற்றியது, வெப்ப அறை பீச்சைக் காப்பாற்றியது. செவ்வந்திக்கு யாரும் வரவில்லை. யமகதா போன்ற சில பகுதிகளில் மட்டும் அக்டோபர் இறுதியில், எந்தத் தேதியையும் பாராமல், ஊதா நிற இதழ்களை வினிகர் விட்ட நீரில் ஒரு கொதி விட்டு உண்கிறார்கள்.

நிலவுக்கு மட்டும் ஆணை செல்லவில்லை. முழுநிலவை ஒரு மாதம் தள்ளிவைக்க எந்த அமைச்சராலும் முடியாதல்லவா? எட்டாம் மாதப் பதினைந்தாம் இரவு இன்றும் பழைய கணக்கில்தான்: 2024இல் செப்டம்பர் 17, 2025இல் அக்டோபர் 6. சுசுகி நாணலை நட்டு, பதினைந்து மாவுருண்டைகளை அடுக்கி, புதிதாகத் தோண்டிய சேப்பங்கிழங்கைத் தோலோடு வேகவைத்து நிலவுக்குப் படைக்கிறார்கள். சேப்பங்கிழங்கு நிலவு என்றே அதற்கு ஒரு பெயர். கியோட்டோவில் உருண்டையையே கிழங்கின் வடிவில் நீளமாகப் பிடித்து, பாதிக்குப் பயறு விழுதைப் போர்த்துகிறார்கள். அடுத்த மாதப் பதின்மூன்றாம் இரவில் இன்னொரு நிலவு, கொட்டை நிலவு. ஒன்றைப் பார்த்தவர் மற்றதையும் பார்க்க வேண்டும். முழுமைக்கு இரண்டு நாள் குறைந்த நிலவையும் ஒரு விழாவாக்கியவர்களை நான் நேசிக்கிறேன்.

இலையுதிர்காலத்தின் மீன் சன்மா. உப்புத் தூவி முழுதாகச் சுட்டு, துருவிய முள்ளங்கியோடு. 2008இல் சுமார் மூன்றரை லட்சம் டன் பிடிபட்ட மீன், 2022இல் 20 ஆயிரம் டன்னுக்கும் கீழ். கடல் சூடேறியது உட்படப் பல காரணங்கள் சொல்கிறார்கள். 1873இல் தேதி நகர்ந்தது, நிலம் அப்படியே இருந்தது. இப்போது நகர்வது நிலமும் கடலும்.

டிசம்பரில் சூரியன் மிகவும் தாழ்ந்த நாள், தோஜி. யூசு எலுமிச்சைகளை வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டுக் குளித்து, கபோச்சா பூசணியை உண்பார்கள். பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கம்போடியாவிலிருந்து கொண்டுவந்ததால் கபோச்சா. அதே அமெரிக்கக் காய்க் குடும்பத்தை நம்மிடம் கொண்டுவந்தவர்களை நாம் பரங்கியர் என்றோம், காயைப் பரங்கிக்காய் என்றோம். ஜப்பானியர் காய் புறப்பட்ட நாட்டின் பெயரை வைத்தார்கள், நாம் வந்த ஆளின் பெயரை வைத்தோம். என் மகளுக்கு இதைச் சொன்ன நாளிலிருந்து வீட்டில் அதற்குப் பரங்கி-கபோச்சா என்று பெயர்.

ஆண்டுக் கடைசி இரவில் சோபா நூடுல்ஸ், கோயில் மணி 108 முறை. மறுநாள் அடுக்குப் பெட்டியில் ஒசேச்சி: உழைத்து நலமாயிருக்கக் கறுப்பு மொச்சை, மக்கள்செல்வத்துக்கு மீன்முட்டை, வருங்காலம் தெரியத் துளையுள்ள தாமரைக்கிழங்கு. பிறகு ஓசோனி, ஒட்டரிசியை இடித்துச் செய்த மோச்சி மிதக்கும் சூப். மேற்கே உருண்டை மோச்சி, வெள்ளை மிசோ என்னும் புளித்த சோயா விழுது. கிழக்கே சதுர மோச்சியைச் சுட்டுத் தெளிந்த சாற்றில் போடுகிறார்கள். அதில் சேரும் கொமட்சுனா கீரைக்குப் பெயர் தந்த கொமட்சுகாவா, நான் இப்போது வாழும் எதோகாவா வட்டாரத்தில்தான் இருக்கிறது. எங்கள் கிண்ணத்தில் கியோட்டோவின் உருண்டையும் டோக்கியோவின் கீரையும்.

2026இல் பழைய கணக்கின் முதல் மாத ஏழாம் நாள் பிப்ரவரி 23 அன்று வந்தது. பேரரசரின் பிறந்தநாள், பள்ளி விடுமுறை. நானும் மகளும் ஒரு கத்தியும் துணிப்பையும் எடுத்துக்கொண்டு அரகாவா ஆற்றங்கரைக்குப் போனோம். நசுனா தரையை விட்டு எழுந்து, சில செடிகளில் வெள்ளை மொட்டும் வந்திருந்தது. ஹகோபெரா கொத்துக் கொத்தாக. வெண்பஞ்சு படர்ந்த இலையோடு கோக்யோ நான்கு செடிகள். இரண்டைப் பறித்து இரண்டை விட்டோம். நெல்வயலில் வளரும் ஹொதோகெனோசா ஆற்றங்கரையில் கிடைக்கவில்லை. செரியும் டர்னிப்பும் முள்ளங்கியும் கடையில் வாங்கினோம். கஞ்சி ஆறு கீரைக் கஞ்சியாகத்தான் வந்தது. ஒரு கிண்ணத்தைப் படம் எடுத்துக் கியோட்டோவுக்கு அனுப்பினேன். சிறிது நேரத்தில் வீட்டுக்கார அம்மாவிடமிருந்து பதில் வந்தது: "மண்ணை நன்றாகக் கழுவினீர்களா?"